மறைந்த தீவு, டிராகன், நாலு பிள்ளைகள்: மன்னார் வளைகுடாவில் இப்படி ஒரு கதை நம்பும்படி நடக்குமா?

பனைநிழல்:

வணக்கம். பத்து முதல் பதினாலு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சாகசத் தொடர்கதை எழுதுகிறேன். களம் ராமநாதபுரம் கடற்கரை. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே பெயர் சொல்லாத ஒரு குப்பம். நாலு பேர்: பாசி எடுக்கப் போகும் அம்மாவின் மகள் (14), நாட்டுப்படகுக்காரர் மகன் (15), வாத்தியார் மகன் (13), கூடவே ஒட்டிக்கொண்டு வரும் ஒரு வாலு (9). யாரும் கால் வைக்காத ஒரு தீவையும் அதில் மிஞ்சியிருக்கும் டிராகன் மாதிரியான உயிர்களையும் தேடிப் போகிறார்கள்.

மந்திரம் கிடையாது, மாயக்கதவு கிடையாது. கடலோரப் பிள்ளை ஒன்று படித்துவிட்டு "சும்மா அடிச்சு விடுறாங்க" என்று மூடி வைக்கக் கூடாது. அதனால் மூன்று சந்தேகம்.

ஒன்று, அந்தக் கடலில் ஒரு தீவு மறைந்திருக்க வழி உண்டா? தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளில் வைக்கலாமா என்று ஒரு யோசனை. இரண்டு, அங்கே பிழைக்கக்கூடிய டிராகன் எவ்வளவு பெரியது, என்ன தின்னும், எப்படி வந்தது? மூன்று, பிள்ளைகள் எந்தப் படகில், எந்த மாதத்தில், என்னென்ன எடுத்துக்கொண்டு போவார்கள், என்ன கெட்டுப்போகும்? விவரம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் சரி.

—

நீர்மட்டம்:

தூரத்தை வைத்து அங்கே தீவை ஒளிக்க முடியாது. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.6-ஆல் பெருக்குங்கள், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். தீவின் உச்சிக்கும் அதே கணக்கு. இரண்டையும் கூட்டினால் எவ்வளவு தூரத்தில் தலை தெரியும் என்று கிடைக்கும். வல்லம் என்னும் சிறு படகில் உட்கார்ந்திருப்பவர் கண் 1.5 மீட்டரில் இருந்தால் 4.4 கி.மீ.; தீவில் 8 மீட்டர் மரம் நின்றால் 10.2 கி.மீ. ஆக, பதினாலரை கிலோமீட்டரிலேயே மரத்தலை தெரிய ஆரம்பித்துவிடும். மன்னார் வளைகுடாத் தீவுகள் எல்லாம் கரையிலிருந்து சுமார் 10 கி.மீ.க்குள் கிடப்பவை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவு. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 22-வதாக ஒன்றைச் சொருகினால் உங்கள் வாசகப் பிள்ளை முதல் பக்கத்திலேயே சிரித்துவிடும்.

ஆனால் அந்த 21-லேயே இரண்டு இப்போது தண்ணீருக்குள் இருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கம் விலங்குசல்லி, கீழக்கரைக் கூட்டத்தில் பூவரசன்பட்டி. தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலையை உடைக்கும் பாறை போனதும் மணலை அலை கொண்டுபோனது. வரைபடத்தில் இருந்து, கடலில் இல்லாத தீவு ஒன்று உங்கள் களத்துக்கு எதிரிலேயே கிடக்கிறது. வாத்தியார் மகன் பழைய வரைபடத்தையும் புதியதையும் ஒப்பிட்டு "ஒரு தீவைக் காணோமே" என்று ஆரம்பிக்கலாம். அது தப்பான தடயமாக முடிந்தாலும் நல்ல தடயம்.

டிராகனை மூழ்கிய தீவில் குடிவைக்க முடியாது; முட்டையிட மேடு வேண்டும். அதனால் தீவை எல்லாரும் தினம் பார்க்கும்படி வெளியில் வையுங்கள், உள்ளே நுழையும் வழியை மட்டும் மறையுங்கள். கடல் பக்கம் பாறை, கரைப் பக்கம் அலையாத்திக் காடு. மனோலி, மனோலிபுட்டி, புள்ளிவாசல், பூமரிச்சான் தீவுகளில் அலையாத்தி உண்டு என்பதால் இது கற்பனை அதிகம் கலக்காத அமைப்புதான். வெளியிலிருந்து பார்த்தால் பச்சைப் புதர். உள்ளே ஒரு உப்பங்கழி.

வாசலுக்கு நீர் ஏற்ற வற்றத்தைப் பயன்படுத்துங்கள். அந்தக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் மாதிரி எட்டுப் பத்து மீட்டர் எழுதிவிடாதீர்கள். கதைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் 70 செ.மீ., அஷ்டமியை ஒட்டி 25 செ.மீ. பாறைத் தலை, அமாவாசை ஏற்றத்தில் 60 செ.மீ. தண்ணீருக்குக் கீழே. சுமையோடு வல்லம் 40 செ.மீ. அமுங்கும். அடி தட்டாமல் இருக்க இன்னும் 10 செ.மீ. வேண்டும். கணக்குப் போட்டால் நீர் உச்சத்துக்கு வருவதற்கு ஒன்றரை மணி முன்பிருந்து ஒன்றரை மணி பின்புவரை, மொத்தம் மூன்று மணி நேரம்தான் தாண்ட முடியும். அஷ்டமி ஏற்றத்திலோ பாறை மேல் 37 செ.மீ.தான் நிற்கும். வல்லம் ஏறவே ஏறாது.

இதில்தான் உங்கள் கதையின் முடிச்சு இருக்கிறது. அமாவாசைக்கு மறுநாள் உள்ளே போய், அந்த மூன்று மணி நேரத்தைத் தவறவிட்டால், அடுத்த ஏற்றம் வரை காத்திருக்கலாம். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தும், உயரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நாலைந்து நாளில் வாசல் அடைத்துவிடும். பிறகு பௌர்ணமிதான். ஒரு நாளில் வரும் இரண்டு ஏற்றமும் ஒரே உயரம் இருக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பகல் ஏற்றம் குறைந்து இரவு ஏற்றம் கூடினால், தப்பிக்க வேண்டியது இருட்டில். காற்று வேறு தண்ணீரைத் தள்ளி மட்டத்தை ஐந்து பத்து செ.மீ. கூட்டும், குறைக்கும். நாம் விட்ட 10 செ.மீ. அதிலேயே போய்விடும்.

—

சேதுக்கரையான்:

அரிச்சல்முனைத் திட்டு வேண்டாம். முதல் சில திட்டுகள்தான் நம்முடையவை, அதற்கு மேல் இலங்கை. 1974, 1976 ஒப்பந்தக் கோடு குறுக்கே போகிறது. கடலோரக் காவல் படையும் கடற்படையும் சுற்றிக்கொண்டே இருக்கும் இடம். அகதிகளை இறக்கிவிட்டுப் போன திட்டுகள் அவை. அங்கே பிள்ளைகள் போனால் கதை டிராகனை விட்டுவிட்டு எல்லைப் பிரச்சினைக்குப் போய்விடும். மரமும் கிடையாது, மணலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, இது முக்கியம். தீவுக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள். 21 தீவும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்குவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உண்மையான தீவின் பெயரைப் போட்டு "இந்த வழியாக நுழைந்தார்கள்" என்று எழுதினால், கீழக்கரையில் ஒரு பையன் படகை எடுத்துக்கொண்டு கிளம்புவான். நிச்சயம் கிளம்புவான். வாசிக்கிற பிள்ளைக்குத் தீவு பார்க்கும் ஆசை வந்தால் பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து வனத்துறையே குருசடைத் தீவுக்குப் படகில் கூட்டிப் போகிறது என்று கதைக்குள்ளேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வில்லன் தேடுகிறீர்கள் என்றால் கடல் அட்டை கடத்துபவர்கள் கையருகே இருக்கிறார்கள். 2001 முதல் இங்கே அட்டை பிடிக்கத் தடை. கடல் குதிரையும் அதே காலத்தில் பட்டியலில் சேர்ந்தது. அட்டையைக் குடல் எடுத்து, வேகவைத்து, மணலில் புதைத்து, மறுபடி வேகவைத்துக் காயவைப்பார்கள். அதற்கு அடுப்பும் அண்டாவும் விறகும் மறைவான இடமும் வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத தீவில் இரவில் புகை தெரிகிறது, பிள்ளைகள் அதை டிராகன் புகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். போதுமா?

—

பனைநிழல்:

போதும் போதும், புகையை எடுத்துக்கொண்டேன். அரிச்சல்முனையை விட்டுவிட்டேன். பெயரும் கற்பனைதான். வாசல் கணக்கும் அருமை. நாலாம் அத்தியாயத்தில் உள்ளே விட்டு ஏழாம் அத்தியாயம் வரை வெளியே விடப் போவதில்லை.

இனி டிராகன். என் குறிப்பேட்டில் இப்போது இருப்பது: நீளம் 6 மீட்டர், பறக்கும், தீ கக்கும், மொத்தம் ஏழு இருக்கிறது. எவ்வளவு குறைக்க வேண்டியிருக்கும்?

—

அலையாத்தி:

நிறைய.

21 தீவில் பெரியது முயல் தீவு, சுமார் 130 ஹெக்டேர். அதாவது ஒன்றேகால் சதுர கிலோமீட்டர் சொச்சம். மற்றவை அதைவிடச் சிறியவை. உலகத்தின் பெரிய பல்லி கொமோடோ டிராகன் இந்தோனேசியாவில் கொமோடோ, ரிஞ்சா, புளோரெஸ், கிலி மோத்தாங் தீவுகளில் இருக்கிறது. பெரிய ஆண் 3 மீட்டர் வரை வளரும், எடை 70 கிலோ தாண்டும். அவற்றுக்கு மானும் காட்டுப்பன்றியும் எருமையும் இரை. அங்கேயே சின்னத் தீவான கிலி மோத்தாங்கில் இரை குறைவு, பல்லியும் மற்ற தீவுகளில் இருப்பதைவிடச் சிறிசு. அந்தச் சின்னத் தீவுகூட நம் முயல் தீவைப் போலப் பல மடங்கு பெரியது. இங்கே மான் கிடையாது. நண்டு, மீன், கடல் பறவை முட்டை, ஒதுங்கும் செத்த மீன், எப்போதாவது ஆமை முட்டை. இதைத் தின்று 6 மீட்டர் வளராது.

என் யோசனை: நீளம் ஒன்றரை மீட்டர், அதில் பாதிக்கு மேல் வால், எடை 5, 6 கிலோ. நம் ஊரில் சாதாரணமாகக் கண்ணில் படும் உடும்பை விடக் கொஞ்சம் பெரிசு. இது ஏமாற்றமாகத் தெரிந்தால், அலையாத்தி வேருக்கு நடுவே முழங்காலளவு தண்ணீரில் நிற்கும் 9 வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில் அதன் தலையை வைத்துப் பாருங்கள். வெப்ப ரத்தம் இல்லாத பிராணி என்பதால் அதே எடையுள்ள பாலூட்டிக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு உணவு போதும். ஆகையால் ஏழுக்குப் பதிலாக முப்பது நாற்பது வைக்கலாம். ஏழு மட்டும் என்றால் இரண்டு தலைமுறையில் தீர்ந்துவிடும்.

வந்தது எப்படி? கொமோடோவின் பெண் பல்லி ஆண் துணை இல்லாமலே குஞ்சு பொரிக்கும். இங்கிலாந்தில் செஸ்டர் விலங்குக் காட்சிசாலையில் 2006-ல் இது பதிவானது. அப்படிப் பிறப்பவை எல்லாம் ஆண். காரணம் குரோமோசோம்: பாலூட்டிகளில் ஆணிடம் இரண்டு விதம் இருக்கும், இந்தப் பல்லிகளில் பெண்ணிடம் இரண்டு விதம். தனியாகப் பொரியும்போது ஒரே விதம் இரட்டித்து ஆணாகிறது. மற்றது இரட்டித்தால் கரு பிழைக்காது. ஒரே ஒரு பெண் மரக்கட்டையோடு மிதந்து வந்து ஒதுங்கினால்கூட ஒரு கூட்டத்தைத் தொடங்கிவிட முடியும் என்று பொருள். 1964 டிசம்பர் புயலில் அடித்து வந்த மரம் என்று வைத்தால் ஊர்ப் பாட்டிகளும் கதைக்குள் வந்துவிடுவார்கள். ரத்த உறவுக்குள்ளேயே இனம் பெருகியதன் விளைவையும் காட்டுங்கள்: கூமுட்டை நிறைய, வளைந்த வால், விரல் குறைந்த கால். 13 வயதுப் பையன் எல்லாத் தடத்திலும் நாலு விரலே இருப்பதைக் கவனிக்கட்டும்.

குடிதண்ணீர். சின்ன மணல் தீவில் மழைநீர் கீழிறங்கி உப்புத்தண்ணீர் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 10 செ.மீ. நின்றால் கீழே சுமார் 4 மீட்டர் ஆழம் இருக்கும் என்பது புத்தகக் கணக்கு, ஒன்றுக்கு நாற்பது. தனுஷ்கோடியில் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பது இப்படித்தான். குறுகிய தீவில் அந்த அடுக்கு மெல்லிசு. வேகமாக இறைத்தாலோ கோடை முற்றினாலோ உப்பு ஏறிவிடும். அதனால் உங்கள் பிராணிக்கு மூக்கில் உப்புச் சுரப்பி கொடுங்கள். கலாபகஸ் கடல் இக்குவானாவுக்கு அது உண்டு, தும்மித் தும்மி உப்பை வெளியேற்றும். இருட்டில் முதலில் கேட்பது அந்தத் தும்மலாக இருக்கட்டும். பகலில் பார்த்தால் மூக்கு ஓரம் வெள்ளையாகப் பொரிந்திருக்கும், அது படுத்திருந்த கல்லின் மேலும் வெள்ளைப் புள்ளிகள்.

பறப்பது. உருவம் இரண்டு மடங்கு நீண்டால் எடை எட்டு மடங்கு கூடும், இறக்கைப் பரப்பு நாலு மடங்குதான். அதனால் பெரிசு பறக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கும் ஓணான் இருக்கிறது; விலா எலும்பை விரித்து அதன் மேல் தோலைப் பரப்பி மரத்துக்கு மரம் சறுக்கும். இறக்கை அடிக்காது. மொத்தமே ஒரு சாண் நீளம்தான். கொமோடோக் குஞ்சுகளோ பெரிசுகள் பிடித்துத் தின்றுவிடும் என்று முதல் சில வருஷம் மரத்திலேயே இருக்கும். இரண்டையும் சேருங்கள்: குஞ்சு மரத்தில் இருக்கும், சறுக்கும், வளர வளரத் தோல் சுருங்கித் தரைக்கு இறங்கிவிடும். கழியின் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு முப்பது குஞ்சு ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கும் காட்சி உங்களுக்கு இலவசம்.

தீ வேண்டாம், கொதிநீர் கொடுங்கள். குண்டுவீச்சு வண்டு என்று ஒன்று உண்டு. உடம்பில் ஒரு பையில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும், இன்னொரு அறையில் நொதி. வால்வு திறந்து இரண்டும் கலந்ததும் வினை நடந்து 100 டிகிரி அளவில் துடிப்புத் துடிப்பாகப் பீச்சும். பெரிய பிராணிக்கு ஒரு முறைக்கு ஒரு தேக்கரண்டி, அடுத்த பீச்சலுக்குச் சில மணி நேரம் என்று வையுங்கள். தேக்கரண்டிக்கு மேல் போனால் அதன் வாயே வெந்துவிடும்.

முட்டை: கொமோடோ முட்டை பொரிய ஏழெட்டு மாதம். நம் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை; மணலில் குழி நிறைந்தால் முட்டை மூச்சு முட்டிச் செத்துவிடும். ஜனவரியில் இட்டால் ஆகஸ்ட், செப்டம்பரில் பொரித்து மழைக்கு முன் குஞ்சு மரம் ஏறிவிடும். சித்திரையில் உங்கள் பிள்ளைகள் போனால் முட்டை பாதி வளர்ந்திருக்கும், தாய் பக்கத்திலேயே காவல் இருக்கும். அதுதான் ஆபத்தான நேரம்.

தடம் மட்டும் சரியாக எழுதுங்கள். ஆமை ஏறிய தடம் டிராக்டர் போன மாதிரி இரண்டு பக்கமும் ஒழுங்காக இருக்கும். பல்லித் தடத்தில் நடுவே வால் இழுத்த வளைகோடு, இரு பக்கமும் நகத்தோடு கால் பதிவு மாறி மாறி. எச்சம் கருப்பாக, முனையில் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். உடைத்தால் உள்ளே நண்டு ஓடு.

முதல் அத்தியாயத்துக்கு ஒரு நிஜ டிராகன் தருகிறேன். நீல டிராகன் என்று ஒரு ஓடில்லாக் கடல் நத்தை, 3 செ.மீ. அளவு. ஒரு காற்றுக் குமிழை விழுங்கி மல்லாக்க மிதக்கும். போர்ச்சுகீசிய மேன் ஓ வார் என்னும் நீலக் கொட்டும் மிதவையைத் தின்று, அதன் கொட்டும் செல்களைத் தன் விரல் நுனிகளில் சேமித்து வைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகர் கரையில் ஒதுங்கியது. வாலு அதைக் கையில் எடுக்க வேண்டும், கொட்டு வாங்க வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, தேய்க்கக் கூடாது. கடல் நீரில் கழுவி, பிறகு தாங்குகிற சூட்டில், 45 டிகிரி அளவில், இருபது நிமிடம் வெந்நீரில் கை. இதைப் பாசி அம்மாதான் செய்வார்.

—

கச்சான்காத்து:

தீவும் பிராணியும் ஆச்சு, இனி படகு. பொறுமையா வாசிங்க தம்பி, எழுதுறவங்க எல்லாம் கோட்டை விடுற இடம் இதுதான்.

மாசம்: ஏப்ரல் கடைசி. வளைகுடாப் பக்கம் கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, மே மாசம் பிடிச்சா செப்டம்பர் வரைக்கும் விடாது. நாலு பிள்ளைங்க சின்னப் படகுல தாங்க மாட்டாங்க. வாடைக் காலத்துல வளைகுடா கொஞ்சம் சுகம், பாக் நீரிணைப் பக்கம்தான் அடிக்கும், ஆனா மழையும் புயலும் உண்டு. பிப்ரவரி, மார்ச் அமைதியான கடல், அப்ப பரீட்சை. ஏப்ரல் கடைசின்னா ஸ்கூல் லீவு. அதுல இன்னொரு சவுகரியம்: ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. பாசி எடுக்கிற பெண்களும் அந்த ஒட்டுல நாப்பத்தஞ்சு நாள் ஓய்வு விட்டுடுவாங்க, பாசி வளரட்டும்னு. ஆக கடல்ல ஆள் நடமாட்டம் கம்மி. பார்க்கிறதுக்கும் ஆள் கம்மி, காப்பாத்துறதுக்கும் ஆள் கம்மி. காலைல நாலு மணிக்குக் கிளம்பணும். பத்துப் பதினொண்ணுக்கு மேல கடக்காத்து ஏறி அலை குறுக்கால வரும்.

படகு: எட்டு மீட்டருக்குள்ள பைபர் வல்லம், 9.9 குதிரைசக்தி வெளி எஞ்சின். போக எட்டு, வர எட்டு, பதினாறு கிலோமீட்டர். மணிக்குப் பத்து வேகத்துல ஒண்ணரை மணிக்குக் கொஞ்சம் மேல. மணிக்கு நாலஞ்சு லிட்டர்னு வச்சா ஏழு, எட்டு லிட்டர். தீவைச் சுத்தித் தேட இன்னொரு நாலு. அதுக்கு மேல பாதி அளவு மிச்சம் கையிருப்பு. 20 லிட்டர் கேன் ஒண்ணு, அவ்வளவுதான் கணக்கு. பையன் பத்து லிட்டர் மட்டும் கொண்டுபோனான்னு எழுதினா மாட்டிக்கிடுவான். அதுவே உங்களுக்கு வேணும்னா அப்படியே எழுதுங்க.

தீவுக்கு உள்பக்கம் ஆழம் ஒண்ணு ரெண்டு மீட்டர்தான், நிறைய இடத்துல கடல் தாழை, அதான் கடல் புல்லு. அங்கே எஞ்சினைத் தூக்கிட்டுக் கம்பு ஊன்றித் தள்ளணும். நாலு மீட்டர் மூங்கில் போதும். சத்தமும் வராது. கடல் பசு மேயுற இடமா இருந்தா அதுக்கும் நல்லது.

தண்ணி: ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், நாலு பேருக்குப் பதினாறு. ஒரு நாள் பயணம்னாலும் ரெண்டு நாள் தண்ணி வேணும், முப்பத்திரண்டு லிட்டர். அது முப்பத்திரண்டு கிலோ எடை, வல்லம் அமுங்கும். நீர்மட்டம் சொன்ன 40 செ.மீ.ல இதையும் சேர்த்துக்கோங்க.

மிதவைச் சட்டை நாலு, அளவு பார்த்து. பெரியவங்க சட்டையை 9 வயசுப் பிள்ளைக்குப் போட்டா தண்ணில விழுந்ததும் சட்டை மேல போயிடும், பிள்ளை கீழே வழுக்கிடும். கால் இடுக்கு வார் கட்டணும். தண்ணி இறைக்க வாளி, டார்ச், விசில், கையால பிடிக்கிற கண்ணாடி, முப்பது மீட்டர் கயிறு. கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, ரெண்டு நம்பரும் படகுல பெயிண்ட்ல எழுதியிருக்கும். தீவுப் பக்கம் போன் சிக்னல் வரும் போகும்.

பாசிக்காரம்மா மகளுக்கு முகக்கண்ணாடி, ரப்பர் செருப்பு, விரலைச் சுத்தித் துணி. மரிக்கொழுந்துப் பாசி பாறையோட ஒட்டி இருக்கும், பிடுங்கிப் பிடுங்கி விரல் கிழியும், அதுக்குத்தான் துணி. பாறை எங்கே வெட்டுது, எந்த இடுக்குல மணல் வழி இருக்குன்னு இந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும், படகுக்காரன் மகனுக்குத் தெரியாது. பாறை வாசலைக் கண்டுபிடிக்கிற வேலையை அவகிட்டே குடுங்க. தண்ணிக்குள்ள இறங்கி முன்னாடி நீந்திப் போய்க் கையைக் காட்டணும்.

—

பனைநிழல்:

அண்ணே, எல்லாம் குறித்துக்கொண்டேன். அவளைத்தான் தலைவியாக வைக்கப் போகிறேன். கடைசியில் ஒன்று: கடத்தல்காரர்கள் துரத்தும்போது எஞ்சின் கிளம்பக் கூடாது. எதனால் என்று எழுதினால் கரைப் பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்கள்? எரிபொருள் தீர்ந்தது என்று எழுத மனமில்லை.

—

கச்சான்காத்து:

மண்ணெண்ணெய் எஞ்சினாப் போட்டுடுங்க. அது பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆகும். ரெண்டு மூணு நிமிஷம் ஓடிச் சூடேறினப்புறம் மண்ணெண்ணெய்க்கு மாத்துவாங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிக் கொஞ்சம் ஓட விடணும், அப்பத்தான் கார்புரேட்டர்ல பெட்ரோல் நிக்கும். பயத்துல பையன் அப்படியே டப்புன்னு நிறுத்திட்டான்னா உள்ள நிக்கிறது மண்ணெண்ணெய். சூடா இருக்கிறவரை கிளம்பும். ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆறின எஞ்சின்ல கயிறை எத்தனை தரம் இழுத்தாலும் கிளம்பாது, பிளக்கும் நனைஞ்சிடும்.

சரிபண்ற வழி: பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டர் அடியில இருக்கிற சின்னத் திருகைக் கழட்டி மண்ணெண்ணெயை வடிச்சு, பிளக்கைக் கழட்டித் துடைச்சு, பிளக் இல்லாமலே நாலு தரம் கயிறு இழுத்து உள்ள இருக்கிறதை வெளியேத்தி, மறுபடி மாட்டி இழுக்கணும். பிளக் ஸ்பேனர் இருந்தா பத்து நிமிஷம். வடிச்சதைக் கடல்ல ஊத்தாம டப்பால பிடிக்கச் சொல்லுங்க. ஸ்பேனர் கை நழுவித் தண்ணிக்குள்ள விழலாம். ஒண்ணரை மீட்டர் ஆழம், கீழே கடல் தாழை, தேடி எடுக்க அந்தப் பொண்ணு இருக்கா.

கிளம்பினதும் எஞ்சின் பின்னாடி கண்ணு வைக்கணும். குளிர்விக்கிற தண்ணி ஒரு சின்ன ஓட்டை வழியா நூல் மாதிரி பீச்சும். கழிக்குள்ள சேறும் தாழையும் அடைச்சா அது நின்னுடும், எஞ்சின் சூடேறிச் சில நிமிஷத்துல பிஸ்டன் பிடிச்சிடும். மெல்லிசு கம்பியால ஓட்டையைக் குத்தி, உறிஞ்சுற சல்லடையில ஒட்டின தாழையைப் பிய்ச்சு எடுக்கணும்.

நங்கூரத்தைப் பவளத்து மேல போடுற மாதிரி எழுதாதீங்க. பவளம் உடையும், நங்கூரமும் சிக்கி வராது. துரத்தல் நேரத்துல கயிறை அறுக்க வேண்டியிருக்கும். மணல் பார்த்துப் போட்டு, ஆழத்தைப் போல அஞ்சு மடங்கு கயிறு விடணும்.

—

அலையாத்தி:

துரத்தல் இரவில் என்றால் ஒரு சேர்க்கை. அந்தக் கடலில் சில வருஷம் பூங்கோரை படரும். நாக்டிலூகா என்னும் ஒரு செல் உயிர், பகலில் கடலைப் பச்சையாக்கும், இரவில் அலை கலங்கினால் நீலமாக மின்னும். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் படர்ந்து மீன் செத்து ஒதுங்கியது. கம்பு ஊன்றும் இடமெல்லாம் மின்னி, பிள்ளைகள் எந்த வழியாகப் போகிறார்கள் என்று துரத்துபவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அது செப்டம்பர், அக்டோபரை ஒட்டி வருவது. உங்கள் கதை ஏப்ரலில் நடப்பதால் படர்ந்த பூங்கோரையாக எழுதாமல், கம்பைச் சுற்றி மட்டும் சில பொறிகள் என்று குறைத்துக்கொள்ளுங்கள். தலைவி கம்பை மேலே தூக்காமல், தண்ணீருக்குள்ளேயே மெதுவாக நகர்த்தி ஊன்றினால் அதுவும் குறைந்துவிடும்.

—

நீர்மட்டம்:

அமாவாசை இரவு என்றால் நிலா இல்லை, பாறைத் தலை தெரியாது. கரையின் இரண்டு விளக்கை ஒரே நேர்கோட்டில் சேர்த்துப் பார்த்து வாசலைப் பிடிக்க வேண்டும். விளக்குகளைப் பார்த்தபடி நிற்கும்போது முன் விளக்கு, அதாவது நமக்குக் கிட்ட இருப்பது, இடப்பக்கம் விலகினால் படகு வலப்பக்கம் விலகிவிட்டது. அந்த இடப்பக்கமே படகை நகர்த்த வேண்டும். உள்ளே நுழையும்போதே அந்த இரண்டு விளக்கையும் வாத்தியார் மகன் குறித்து வைத்திருக்க வேண்டும். பகலில் நுழைந்தால் விளக்கு எரியாது, அதனால் கம்பங்களைப் பார்த்து வைக்கட்டும். கலங்கரை விளக்கம் மினுக்கும் முறை வைத்து அடையாளம் காணலாம்; பள்ளிவாசல் மினார் விளக்கு நிலையாக எரியும். மின்வெட்டு வந்தால் இரண்டில் ஒன்று அணையும். எந்த அத்தியாயத்தில் மின்வெட்டு என்பது உங்கள் பொறுப்பு.